கோடு முடிந்த பிறகு

பிரிட்டனில் ஒரு நகரச் சாலை. இடது ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஒதுக்கிய சைக்கிள் பாதை. சைக்கிளில் போகிறவர் கோட்டுக்குள் சீராக மிதித்துக்கொண்டிருக்கிறார். வலப்பக்கம் கார்கள் தங்கள் தடத்தில் ஓடுகின்றன. தரையில் ‘எண்ட்’ என்று பெரிய வெள்ளை எழுத்து வருகிறது. அதைத் தாண்டினால் கோடு கிடையாது. பின்னால் வரும் கார் வந்துகொண்டேதான் இருக்கிறது. சைக்கிள்காரரும் போய்த்தான் ஆக வேண்டும். அதுவரை இரண்டாகப் பிரிந்திருந்த சாலையை இருவரும் இனிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எப்படிப் பகிர்வது என்று தரையில் எதுவும் எழுதியில்லை.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதற்கு 50 மீட்டர் பின்னால் கார் 30 மைல் வேகத்தில், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கார் சைக்கிளை எட்டிப்பிடிக்க ஆறரை விநாடிகூட ஆகாது. அதற்குள் சைக்கிள்காரர் தரையில் இருப்பதைப் படித்து, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மறுகையை நீட்டிச் சைகை காட்டி, வலப்பக்கம் நகர வேண்டும். திரும்பிப் பார்க்கும் ஒரு விநாடியில் கார் 13 மீட்டர் ஓடி வந்திருக்கும். முன்னால் பள்ளம் இருந்தால் அந்த ஒரு விநாடி அது கண்ணில் படாது. கார் ஓட்டுகிறவர் செய்ய வேண்டியவை இரண்டுதான்: கோடு முடிவதைக் கவனிப்பது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது.

இருந்தும், விபத்து நடந்துவிட்டால் எழும் முதல் கேள்வி “சைக்கிள்காரர் ஏன் திடீரென்று குறுக்கே வந்தார்?” என்பதாகவே இருக்கிறது. இந்தக் கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கோடு முடிந்ததால் சைக்கிள்காரரின் வழியுரிமை முடிந்துவிடவில்லை. அதுவரை பெயின்ட் ஏற்றிருந்த பொறுப்பைச் சாலை நிர்வாகம் அந்த இடத்தில் மோட்டார் ஓட்டுநரின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. தன் கையில் ஒன்று வந்திருக்கிறது என்பதே பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தெரிவதில்லை.

முதலில், பாதை ஏன் அங்கே முடிகிறது? சைக்கிள் பாதைகள் அகலமான, நேரான, ஆபத்துக் குறைந்த நீட்டங்களில் தாராளமாக ஓடும். பாலம் வரும்போது, சாலை குறுகும்போது, சந்திப்பை நெருங்கும்போது, கடைத்தெருவில் கார்கள் வரிசையாக நிற்கும்போது மறைந்துவிடும். காரணம் ரகசியமல்ல. சாலையின் அகலத்தைப் பங்கு போடும்போது மோட்டார் தடங்களுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைக்கிறார்கள். மிச்சம் இருந்தால் சைக்கிளுக்கு. அகலம் குறைந்ததும் முதலில் வெட்டுப்படுவது அந்த மிச்சம்தான். சில இடங்களில் பாதையின் முடிவில் “சைக்கிளிலிருந்து இறங்கவும்” என்று ஒரு பலகையும் நட்டு வைப்பார்கள். காரோட்டியைப் பார்த்து “இங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போ” என்று எந்தச் சாலையும் சொன்னதில்லை.

பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறை 2020 ஜூலையில் சைக்கிள் வசதிகளுக்கான புதிய வடிவமைப்பு வழிகாட்டியை வெளியிட்டபோது இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அதுவரை போடப்பட்ட வசதிகளில் பல, மிக அவசியமான இடத்திலேயே கைவிட்டுவிடுகின்றன என்பது அதன் கருத்து. சைக்கிளை நடப்பவரோடு சேர்க்காமல் ஒரு வாகனமாகவே கருத வேண்டும், பாதைகள் ஒன்றோடொன்று இணைய வேண்டும், சாலையோரத் தடத்துக்கு 2 மீட்டர் அகலம் வேண்டும், எவ்வளவு நெருக்கடி என்றாலும் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் அந்த வழிகாட்டி கேட்டது. நல்ல ஆவணம். ஆனால் அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகத் துண்டுதுண்டாகப் போட்ட கோடுகள் இன்னும் தரையில் கிடக்கின்றன. மக்கள் அவற்றின் மேல்தான் தினமும் மிதித்துப் போகிறார்கள்.

கோடு இருக்கும்வரையாவது அது காப்பாற்றுகிறதா? வெறும் பெயின்ட் கோடு ஓட்டுநரின் மனத்தில் என்ன செய்கிறது என்று ஜான் பார்க்கினும் சியாரன் மேயர்ஸும் பிரிட்டிஷ் சாலைகளில் அளந்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 40 மைல், 50 மைல் வேக வரம்புள்ள சாலைகளில் 1.45 மீட்டர் அகலச் சைக்கிள் தடம் இருந்தபோது, தடமே இல்லாத இடத்தைவிட நெருக்கமாகக் கார்கள் சைக்கிளைக் கடந்து போயின. 30 மைல் சாலையில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஓட்டுநர்கள் தங்கள் கோட்டுக்குள் தாங்கள் ஓட்டுவதாக எண்ணுகிறார்கள், பக்கத்தில் ஒரு மனிதர் போகிறார் என்ற கணக்கு மனத்தைவிட்டுப் போய்விடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 சைக்கிள்களில் அளவுக்கருவி பொருத்திப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடத்தல்களைப் பதிவு செய்தார்கள். 2019-இல் வந்த அந்த ஆய்வில் பதினேழில் ஒரு வாகனம் ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் கடந்திருந்தது. கோடு போட்ட தடம் இருந்த இடத்தில் சராசரி இடைவெளி, கோடும் நிறுத்திய கார்களும் இல்லாத இடத்தைவிட 27 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. தடத்தின் பக்கத்தில் கார்களும் நின்றிருந்தால் 40 சென்டிமீட்டர் குறைவு. சைக்கிள் ஹேண்டில்பாரின் அகலத்தை நினைத்துப் பாருங்கள். 40 சென்டிமீட்டர் என்பது அதில் பாதிக்கும் மேல்.

கோடு முடியும் இடத்தின் ஆபத்தை இந்த இரண்டு ஆய்வுகளும் வேறொரு பக்கமிருந்து காட்டுகின்றன. கோடு ஓடிய தூரம் முழுவதும் ஓட்டுநர் சைக்கிள்காரரைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாமல் இருந்திருக்கிறார். “அவருக்கு அவர் இடம், எனக்கு என் இடம்” என்ற பழக்கம் படிந்துவிட்டது. இப்போது ஆறு விநாடியில் அந்தப் பழக்கத்தை உதற வேண்டும். எச்சரிக்கையாகத் தரையில் எழுதிய சொல் சைக்கிள்காரரின் சக்கரத்துக்குக் கீழே, அவருடைய தடத்துக்குள் இருக்கிறது. காரிலிருந்து பார்ப்பவர் அதைத் தனக்கான செய்தியாகப் படிப்பதே இல்லை.

இதற்கு மேல் இன்னொரு மனக்கோணல் இருக்கிறது. 2002-இல் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் சைக்கிள்காரர்களைப் பற்றி ஓட்டுநர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விரிவாக ஆராய்ந்தது. சைக்கிள்காரர்கள் எப்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது என்பது ஓட்டுநர்களிடம் பரவலாக இருந்த புகார். கவனிக்க வேண்டியது அவர்கள் சொன்ன காரணத்தை. சாலையின் அமைப்பு அப்படிச் செய்யவைத்த இடத்திலும்கூட, சைக்கிள்காரரின் குணமே அப்படி என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கோடு முடிந்ததால் வலப்பக்கம் நகர்ந்தவர், கட்டுப்பாடில்லாமல் குறுக்கே பாய்ந்தவர் ஆகிவிடுகிறார். கோட்டை நிறுத்திய பொறியாளரும் அதற்கு ஒப்புதல் கொடுத்த மன்றமும் காட்சியிலேயே இல்லை.

“நான் பார்க்கவே இல்லை” என்று ஓட்டுநர்கள் சொல்வதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலும் அது உண்மை என்பதுதான் கவலைக்குரியது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் ஹெய்க்கி சும்மலாவும் சக ஆய்வாளரும் பின்லாந்தின் நான்கு நகரங்களில் நடந்த 188 சைக்கிள்–கார் மோதல்களை ஆழமாக ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். அவற்றில் அடிக்கடி நடந்த வகையில், அதாவது வலப்புறம் திரும்பும் காரும் வலமிருந்து பாதையில் வரும் சைக்கிளும் மோதியபோது, மோதுவதற்கு முன் சைக்கிளைக் கவனித்த ஓட்டுநர்கள் 11 சதவீதம் மட்டுமே. சைக்கிள்காரர்களிலோ 68 சதவீதம் பேர் காரைப் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்களில் 92 சதவீதம் பேர், சட்டப்படி கார்தான் வழிவிட வேண்டும், விட்டுவிடும் என்று நம்பி மேலே போயிருந்தார்கள்.

ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, அவர் தன்னையும் பார்த்திருப்பார் என்று நம்பி, அந்த நம்பிக்கையோடேயே மோதப்பட்டிருக்கிறார். இந்த எண்களை முதலில் படித்தபோது எனக்கு அடுத்த பக்கம் புரட்ட மனம் வரவில்லை. அந்த ஓட்டுநர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவர்கள் அல்லர். பின்லாந்தில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். வலப்புறம் திரும்பும் ஓட்டுநர் இடமிருந்து வரும் கார்களை மட்டும் தேடுகிறார். வலமிருந்து பாதையில் வரும் சைக்கிள் கண்ணில் படுவதில்லை. எதிர்பார்க்கும் இடத்தில் மட்டுமே கண் தேடும் என்றால், சைக்கிளை எங்கே எதிர்பார்க்க வேண்டும் என்பதும் ஓட்டுநர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாகிறது. கோடு முடியும் இடம் அப்படிப்பட்ட ஓர் இடம். “பார்க்கவில்லை” என்பது நடந்ததை விளக்கும். பொறுப்பைக் கழிக்காது.

சைக்கிள்காரருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. பிரிட்டனில் பயிற்சி தருபவர்கள், கோடு முடிவதற்கு வெகு முன்பே திரும்பிப் பார்க்கவும், சைகை காட்டி மெல்ல மெல்லத் தடத்தின் நடுவுக்கு வரவும் கற்றுத் தருகிறார்கள். ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போனால், குறுகலான இடத்திலும் நுழைந்து கடந்துவிடலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றும். நடுவில் போனால், அவர் காத்திருந்துதான் கடக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தைரியமாக இதைச் செய்வார்கள். பதினொரு வயதுப் பிள்ளையையும், அறுபது வயதில் சந்தைக்குப் போகும் அம்மாவையும் வேகமாக வரும் லாரிக்கு முன்னால் தடத்தின் நடுவுக்கு வரச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

சைக்கிள்காரர் என்னதான் செய்தாலும் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது என்பதற்குச் சான்று பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் செய்த ஆய்வுகள். 2007-இல் வெளியான முதல் ஆய்வில் அவரே சைக்கிள் ஓட்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடத்தல்களை அளந்தார். அவர் ஹெல்மெட் அணிந்திருந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. அந்த ஆய்வின்போது ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை மோதவும் செய்தன. பின்னர் 2014-இல் வந்த ஆய்வில் ஏழு விதமான உடைகளைச் சோதித்தார்கள். பளிச்சென்ற நிறம், பந்தய உடை, கற்றுக்கொள்பவர் என்று எழுதிய உடை எதுவும் குறிப்பிடும்படியான வேறுபாட்டை உண்டாக்கவில்லை. காவல்துறையையும் வீடியோ பதிவையும் குறிப்பிட்ட ஒரே ஒரு மேலாடைக்குத்தான் வாகனங்கள் சற்று விலகிப் போயின. எதை அணிந்தாலும் நூற்றில் ஒன்றிரண்டு வாகனங்கள் 50 சென்டிமீட்டருக்குள் உரசிக்கொண்டு போனது மாறவில்லை. தினமும் வேலைக்குப் போய் வரும் ஒருவரை எத்தனை நூறு வாகனங்கள் கடக்கும் என்று எண்ணினால், அந்த ஒன்றிரண்டு சதவீதம் எத்தகையது என்று புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு 2022 ஜனவரி 29-இல் திருத்தப்பட்டது. அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்பதை முதல் விதியாக வைத்தார்கள். அது மற்றவர்களின் கடமையைக் குறைத்துவிடாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும், அதைவிட வேகமென்றால் இன்னும் அதிகம், இடம் இல்லையென்றால் பின்னாலேயே காத்திருக்க வேண்டும். சாலை குறுகும் இடத்தை நெருங்கும்போது சைக்கிள்காரர் தடத்தின் நடுவில் போகலாம் என்பதும் விதியாகவே எழுதப்பட்டது. சைக்கிள் தடத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோடு முடிவதற்கு முன்பே அதைவிட்டு வெளியே வந்தவர் அத்துமீறியவர் ஆகமாட்டார்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ‘செய்ய வேண்டும்’ என்ற அறிவுரைகள். ‘செய்தே தீர வேண்டும்’ என்ற சட்டக் கட்டளைகள் அல்ல. 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, விதித்தொகுப்பை மீறியது மட்டுமே குற்றமாகாது. வழக்கில் சான்றாக அதை முன்வைக்கலாம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வேறு வழியில் போனது. 2014 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கி 2016-இல் நிலையாக்கிய சட்டத்தில், 60 கிலோமீட்டர் வரை வேக வரம்புள்ள சாலையில் ஒரு மீட்டர், அதற்கு மேல் ஒன்றரை மீட்டர் என்று அளவையே எழுதிவைத்தார்கள். மீறினால் அபராதம், உரிமத்தில் கழிவுப் புள்ளிகள். இடைவெளி விடுவதற்காக, பாதுகாப்பாக இருந்தால், நடுக்கோட்டைத் தாண்டிப் போகவும் ஓட்டுநருக்கு அனுமதி தந்தார்கள். இந்த அனுமதி முக்கியமானது. “நடுக்கோட்டைத் தாண்டக் கூடாதே, அதனால்தான் நெருங்கிப் போனேன்” என்ற சாக்கு அதோடு போய்விட்டது.

எழுதிய விதியை ஓட்டுநரின் உடம்புக்குப் புரியவைத்தது இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் காவல்துறை. 2016-இல் அவர்கள் தொடங்கிய முறை எளிமையானது. சாதாரண உடையில் ஒரு காவலர் சைக்கிளில் போவார். நெருங்கிக் கடக்கும் வாகனத்தைப் பற்றி அவர் தகவல் சொன்னதும் முன்னால் நிற்கும் சக காவலர்கள் அதை ஓரங்கட்டுவார்கள். ஓட்டுநருக்கு முன் இரண்டு வழிகள்: வழக்கைச் சந்திப்பது, அல்லது அங்கேயே நின்று பாடம் கேட்பது. பாடம் ஒரு விரிப்பின் மேல் நடந்தது. சாலையின் விளிம்பு, அதிலிருந்து தள்ளிச் சைக்கிள் போகும் இடம், அதற்கப்பால் விட வேண்டிய 1.5 மீட்டர் எல்லாம் அதில் வரையப்பட்டிருக்கும். விண்ட்ஸ்கிரீனுக்குப் பின்னால் உட்கார்ந்து இடைவெளியைக் கணிப்பது ஒன்று, தரையில் நின்று காலடியால் அளப்பது வேறு. கோடு முடியும் இடங்களின் அருகில் இப்படி ஒரு விரிப்பை விரித்துப் போடலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நெதர்லாந்தைப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. அங்கே 1971-இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அதற்குப் பின் எழுந்த மக்கள் இயக்கங்கள் தெருக்களின் அமைப்பை மாற்றவைத்தன. அங்கு சட்டமும் தனி வழியில் வளர்ந்தது. மோட்டார் வண்டி சைக்கிளோடு மோதினால், தவிர்க்கவே முடியாத சூழல் என்று நிரூபிக்காதவரை இழப்பீட்டுப் பொறுப்பு வண்டி உரிமையாளருடையது. பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குட்பட்டவர் என்றால் கிட்டத்தட்ட எல்லாச் சூழலிலும் முழு இழப்பீடு. அதற்கு மேற்பட்டவர் என்றால், தவறு சைக்கிள்காரருடையதாகவே இருந்தாலும், வேண்டுமென்றோ அதற்கு நிகரான அசட்டையோடோ செய்திருந்தாலொழிய, குறைந்தது பாதி. ஓட்டுநரை எப்போதும் குற்றவாளியாக்கும் சட்டம் என்று வெளிநாடுகளில் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். இது இழப்பீடு பற்றியது மட்டுமே. பணம் தருவது காப்பீடு. குற்றவியல் வழக்கு தனி. இங்கிலாந்திலோ ஓட்டுநரின் கவனக்குறைவை அடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

சட்டத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது அவர்களுடைய ஒரு சிறு கட்டுமான வேலை. தனிப் பாதை முடிந்து சைக்கிள் சாலையில் இறங்கும் இடத்தில், சைக்கிள்காரரின் முதுகுக்குப் பின்னால் வரும்படி ஒரு கல்விளிம்பைச் சாலைக்குள் துருத்திக் கட்டுவார்கள். பின்னால் வரும் கார் அந்தக் கல்லைச் சுற்றித்தான் வர முடியும். அதற்குள் சைக்கிள் சாலையில் தன் இடத்தைப் பிடித்துவிடும். யாரும் யாரையும் நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதோடு வேகத்தையும் குறைத்தால் கணக்கு எப்படி மாறும்? வேல்ஸ் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் பொது வேக வரம்பை 30 மைலிலிருந்து 20 ஆக்கியது. முதலில் போட்ட கணக்கில் 48-க்குப் பதில் 32 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். ஆறரை விநாடிக்கும் குறைவாக இருந்தது பதினைந்து விநாடியாகிறது. திரும்பிப் பார்க்கவும் கைகாட்டவும் நகரவும் பதினைந்து விநாடி போதும். பதினொரு வயதுப் பிள்ளைக்கும் போதும்.

நம் சாலைகளுக்கு இதில் என்ன தொடர்பு என்றால், இங்கே முடிவதற்குக் கோடே அரிது. தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியா 1982-இலேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. 2019 திருத்தத்தின்படி, அப்படி உயிரிழப்புக்குத் தர வேண்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய். ஆனால் சாலையில் நடந்துகொள்ளும் முறையைச் சொன்ன 1989-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, சைக்கிளுக்கென்று பாதை இருக்கும் இடத்தில் மோட்டார் வண்டி அதில் ஏறக் கூடாது என்றது. பாதை உள்ளவரைதான் அந்தக் காப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பின்னர் தமிழ்நாட்டு அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுத்தது. கையில் சைக்கிள் வந்தது, பள்ளி தூரம் என்று படிப்பை நிறுத்துவது குறைய வழி பிறந்தது. மிதித்துப் போவதற்கான ஓர் ஓரத்தை மட்டும் யாரும் அவர்களுக்குத் தரவில்லை. ஊரிலிருந்து பள்ளிக்கு நெடுஞ்சாலை வழியாகப் போகும் மாணவிக்குத் தாரின் விளிம்புதான் பாதை. அதற்குக் கீழே ஒரு சாண் பள்ளத்தில் மண். பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்கிறது. அதன் பொருள் “ஓரம் போ” என்பது அவளுக்குத் தெரியும். ஓரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறாள். சைக்கிளை மண்ணில் இறக்கி, ஒரு காலை ஊன்றி நிற்கிறாள். லாரி போன பிறகு, புத்தகப் பையோடு கனக்கும் முன்சக்கரத்தைத் தூக்கி மறுபடியும் தாரின் மேல் வைக்கிறாள்.